ஒரு பொதுக் கொள்கையைக் குடியுரிமை நோக்கில் படிப்பது எப்படி?

குடியுரிமை, பொதுக் கொள்கை, குடிமை உரிமைகள் ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாக மனப்பாடம் செய்யாமல், ஏதேனும் ஒரு சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் வழியாகவே மூன்றையும் படியுங்கள்.

முதலில், அச்சட்டம் யாரைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள்: ‘குடிமக்கள்’ என்கிறதா, ‘எந்த நபரும்’ என்கிறதா? இந்த ஒரு சொல்லைச் சுற்றியே பல வழக்குகள் நடந்திருக்கின்றன. 1966-இல் ஏற்கப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, பெரும்பாலான உரிமைகளை எல்லா மனிதருக்கும் உரியனவாகக் கூறினாலும், வாக்களிப்பதையும் தேர்தலில் நிற்பதையும் பற்றிய 25-ஆம் பிரிவை மட்டும் ‘ஒவ்வொரு குடிமகனும்’ என்றே தொடங்குகிறது. ஆகவே, எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத ஒருவரை மனத்தில் நிறுத்தி, நீங்கள் எடுத்துக்கொண்ட சட்டத்தை மீண்டும் வாசியுங்கள். அவர் எங்கெங்கே விடுபடுகிறார் என்பது தெளிவாகும்.

அடுத்து, பிரிட்டிஷ் சமூகவியலாளர் டி. எச். மார்ஷல் 1949-இல் கேம்பிரிட்ஜ் உரைகளில் வகுத்த குடிமை (பேச்சு, சொத்து போன்றவை), அரசியல் (வாக்களிப்பது போன்றவை), சமூக (கல்வி, நலத்திட்டங்கள் போன்றவை) உரிமைகளில் எதை அக்கொள்கை தொடுகிறது என்று குறியுங்கள். இவை 18, 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் வரிசையாக வளர்ந்தன என்று அவர் சொன்னது இங்கிலாந்தை வைத்தே. பெண்களுக்கும் காலனி நாட்டு மக்களுக்கும் அந்த வரிசை பொருந்துவதில்லை.

பிறகு, எழுத்தில் உள்ள உரிமை நடைமுறையில் எங்கே தேய்கிறது என்று தேடுங்கள்: கேட்கப்படும் சான்றிதழ்கள், அலுவலர் தம் விருப்பப்படி முடிவெடுக்கும் அதிகாரம், நிதி ஒதுக்கீடு, மேல்முறையீட்டுக்கான கால வரம்பு. பாடக்குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடும் இந்தப் பகுதிக்கு, என் கருத்தில், நீங்கள் எழுதும் கட்டுரையின் பாதியையே ஒதுக்கலாம்.