அதே சோறு, கொஞ்சமாக: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆனவர்களிடம் "இப்போ என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "எப்பவும் சாப்பிடுறதுதான், அளவுதான் கம்மி." கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் பிரச்சினை தொடங்குவதே அங்கேதான்.

இந்த அறுவை சிகிச்சையில் ஸ்லீவ், பைபாஸ் என்று இரண்டு முக்கிய முறைகள். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பைபாஸில், இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. பிடிக்கிற ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே இணைக்கிறார்கள். இரண்டிலுமே இடமும் குறைவு, அமிலமும் குறைவு. பைபாஸில் கூடுதலாக இன்னொரு சங்கடம்: இரும்பும் கால்சியமும் நன்றாக உறிஞ்சப்படுகிற முன்சிறுகுடல் வழியாக உணவு போவதே இல்லை. அதனால் பழைய சாப்பாட்டை அப்படியே குறைத்துச் சாப்பிட்டால் எடை குறையும். சத்தும் சேர்ந்து குறையும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் ஒரு இட்லி, கொஞ்சம் சாம்பார். மதியம் அரைக் கப் சோறு, ரசம், பொரியல். சாயங்காலம் காபியும் இரண்டு பிஸ்கட்டும். ராத்திரி ஒரு தோசை, சட்னி. வயிறு முட்டிவிடும். ஆனால் இதில் கிடைக்கிற புரதம் 20 கிராம் தாண்டுவதே கஷ்டம். தேவையோ குறைந்தது 60 கிராம்; பலருக்கு டாக்டர்கள் 80 வரை சொல்வார்கள். அது கிடைக்காதபோது உடம்பு கொழுப்போடு தசையையும் கரைக்கிறது. மாடிப்படி ஏறினால் கால் தளர்கிறது. மூன்றாவது, நாலாவது மாதத்தில் சீப்பு நிறைய முடி வருகிறது. எடை வேகமாகக் குறையும்போது ஓரளவு முடி கொட்டத்தான் செய்யும், தானாகவே திரும்பவும் வளரும். ஆனால் புரதமும் இரும்பும் பற்றாமல் இருந்தால் அது நீடிக்கும். பலர் அந்த நேரத்தில் பயோட்டின் மாத்திரை வாங்கப் போகிறார்கள். போக வேண்டியது முட்டைக் கடைக்கு.

ஆக, தட்டில் முதலில் கை போக வேண்டியது புரதத்துக்கு, அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. நம் ஊர்த் தட்டில் நடுவில் சோறும் ஓரத்தில் மற்றதும் இருக்கும். அதைத் தலைகீழாக்க வேண்டும். திட உணவுக்கு வந்துவிட்ட ஒருவருக்கு ஒரு நாள் இப்படி அமையலாம்: காலை இரண்டு முட்டை (12 கிராம்), பதினொரு மணிக்குப் பாலில் கலந்த புரோட்டீன் பவுடர் (20க்கு மேல்), மதியம் மூன்று நாலு வாய் மீனோ கோழியோ (15), மாலையில் அரைக் கப் சுண்டல் (6), இரவு 50 கிராம் பனீர் (9). அறுபதைத் தொட்டுவிட்டோம். சைவமென்றால் மதியத்துக்கு மீல்மேக்கர். காய்ந்த நிலையில் 25 கிராம் எடுத்தாலே 13 கிராம் புரதம் வரும். பவுடர் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துவார்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு இந்த அளவு ஒன்றும் அதிகமில்லை. கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைத் தங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வராதீர்கள். ஆபரேஷன் ஆனவருக்குத் தெம்பு வரும் என்று வாரக்கணக்கில் ஊற்றுகிறார்கள். அதில் இறங்குவது பெரும்பாலும் கொலாஜன் என்ற ஒரு வகைப் புரதம். நம் உடம்புக்கு அவசியமான அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் அதில் கிடையாது. குடிக்கலாம், தப்பில்லை, புரதக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கேழ்வரகுக் கஞ்சியும் அப்படித்தான். அதில் முக்கால்வாசி மாவுச்சத்து.

கஞ்சி, சூப், ரசம் சாதம் என்று எளிதாக இறங்குவதிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுவது இன்னொரு தவறு. முதல் சில வாரங்கள் நீர், கூழ், மசித்தது, மென்மையானது என்று படிப்படியாகப் போவது சரி. அதற்குப் பிறகும் கோழி அடைக்கிறது என்று விட்டுவிட்டு முறுக்குக்குப் போகிறார்கள். முறுக்கு வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போகும், எவ்வளவு வேண்டுமானாலும் போகும். அடைக்கிறது என்றால் பெரும்பாலும் மெல்லுவது போதவில்லை, அல்லது ஒரு வாய்க்கு எடுக்கிற அளவு பெரிதாக இருக்கிறது.

சாப்பாட்டின் நடுவே தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். ஆனால் நாள் முழுக்க, மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

இப்போது ஆபத்தான விஷயத்துக்கு வருகிறேன். "ஆபரேஷன் பண்ணினா வாந்தி வரத்தான் செய்யும்" என்று வீட்டிலேயே சமாளிப்பது. எப்போதாவது அவசரமாகச் சாப்பிட்டு வருவது வேறு. நாள்தவறாமல் வாந்தி, எதுவும் தங்கவில்லை என்றால் அது வேறு. வைட்டமின் பி1 எனப்படும் தயமின் நம் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு இருக்கும். அது தீர்ந்தால் மூளை நேரடியாகப் பாதிக்கப்படும்: பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். கவனிக்காமல் விட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். இந்த நிலையில் அருகில் உள்ள கிளினிக்கில் போய் "சோர்வா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் ஊர்ப் பழக்கம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் வாக்கியமே, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை ஆனவர், இத்தனை நாளாக வாந்தி என்பதாக இருக்கட்டும். தயமின் ஊசி போட்டாயிற்றா என்று கூட இருப்பவர்கள் தயங்காமல் கேட்கலாம்.

பி12 இதற்கு நேர்மாறு, மெதுவாக வேலை காட்டும். கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பு இருப்பதால் முதல் பரிசோதனையில் எல்லாம் நன்றாகவே தெரியும். எடையும் இறங்கியாயிற்று, ரிப்போர்ட்டும் நார்மல், இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் பாதம் மரத்துப்போகும், ஞாபகம் தடுமாறும். சைவ உணவுக்காரர்களுக்குத் தொடக்கத்திலேயே பி12 குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் நீண்ட நாள் எடுத்தால் அவையும் அதைக் குறைக்கும். வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று டாக்டர் சொன்னது பேச்சுக்குச் சொன்னதல்ல.

மாத்திரை எடுப்பவர்களும் அதை எல்லாம் ஒரே கைப்பிடியாகக் காபியோடு விழுங்குகிறார்கள். காபியும் டீயும் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கால்சியமும் இரும்பும் ஒன்றோடொன்று மோதும். நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியத்திலும் கார்பனேட் வகைக்கு வயிற்று அமிலம் தேவை, சிட்ரேட்டுக்கு அப்படியில்லை. அதனால்தான் சிட்ரேட் எழுதித் தருகிறார்கள். ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மி.கி. என்றால், 500 மி.கி. அளவில் பிரித்துத்தான் உடம்பு வாங்கும். மெடிக்கலில் "இதுவும் கால்சியம்தான் சார்" என்று மாற்றிக் கொடுத்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

உறவினர் வீட்டு விசேஷம் தனிக் கதை. "இளைச்சுத் துரும்பாயிட்டே, ஒரு வாய் பாயசமாவது குடி" என்பார்கள். பைபாஸ் ஆனவர்கள் அந்தப் பாயசத்தைக் குடித்த அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று மண்டபத்தில் ஓரமாக உட்கார வேண்டி வரலாம். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றும். கரும்புச்சாறும் பழச்சாறும் இதே வகைதான். சஷ்டி, ரமலான் நோன்புகளை முதல் வருடம் தள்ளிவைப்பது நல்லது. தண்ணீரும் புரதமும் நாள் முழுக்கப் பிரித்துப் போக வேண்டிய உடம்பு அது.

பெண்களுக்கு இன்னொன்று. எடை குறையும்போது நின்றுபோன மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கருத்தரிப்பதும் உண்டு. முதல் 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடச் சொல்வது, சத்து நிலை தேற வேண்டும் என்பதற்காகத்தான். பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாகச் சேராமல் போகலாம் என்பதால் வேறு முறையைக் கேட்டுப் பெற வேண்டும். கர்ப்பமானால் முதல் செக்கப்பிலேயே அறுவை சிகிச்சை பற்றிச் சொல்லிவிடுங்கள். சர்க்கரைப் பரிசோதனைக்காகக் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகத் தருகிற 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீரை இவர்கள் குடித்தால் மேலே சொன்ன அதே படபடப்பு வரக்கூடும். அதற்குப் பதில் சில நாட்கள் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவரச் சொல்வார்கள்.