கார்ஸ்ட் கடற்கரை: எல்லாவற்றையும் அலை தலையில் கட்டாதீர்கள்

வியட்நாமின் ஹா லாங் விரிகுடா படத்தைப் போட்டுவிட்டு, அலைகள் செதுக்கிய தீவுகள் என்று எழுதுகிறார்கள். முதல் தவறு இது, மற்ற பல தவறுகளுக்கு வேரும் இதுதான். அந்தத் தீவுகள் உருவானது தரையில். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப்போன மழைநீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, பல லட்சம் ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்துக் கூம்பும் கோபுரமுமாக விட்டுவைத்த குன்றுகள் அவை. இப்படி நீர் கல்லைக் கரைத்து உருவாக்கும் நில அமைப்புக்குத்தான் கார்ஸ்ட் என்று பெயர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இப்போதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. இன்று படகு போகும் இடத்தில் அன்று நடந்தே போயிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏறியதும் பள்ளத்தாக்குகள் மூழ்கின, குன்றுகள் தீவுகளாயின.

சரி, அப்படியானால் அலைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நீர்மட்டத்தில் பாறையைச் சுற்றி உள்வாங்கியிருக்கும் குடைவைக் கவனியுங்கள். அலையோடு சேர்ந்து, பாசிக்காகப் பாறையைச் சுரண்டும் நத்தை வகைகளும் துளையிடும் சிப்பிகளும் அதைக் குடைகின்றன. குடைவு ஆழமானதும் மேலே உள்ள பாறை ஒரேயடியாக விழும். ஆகவே மாற்றம் எப்போதும் மெதுவாக, ஒரே சீராக நடக்கும் என்று நினைப்பதும் தவறு.

இதைப் படித்துவிட்டு, கடலில் நிற்கும் சுண்ணாம்புத் தூண் எல்லாமே கார்ஸ்ட் என்றும் சொல்லிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பன்னிரு அப்போஸ்தலர் பாறைகள் அலை அரித்துப் பிரித்தவையே. அதில் ஒன்று 2005இல் இடிந்து விழுந்தது.

கடல்நீர் உப்பு, அதனால் கல்லைக் கரைக்கும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைந்திருப்பதால் அது தனியாகப் பெரிதாய்க் கரைப்பதில்லை. நிலத்தடி நன்னீரும் அதேபோல் நிறைந்துதான் வரும். ஆனால் இரண்டும் கலக்கும் இடத்தில் பிறக்கும் கலவைக்குக் கரைக்கும் திறன் மறுபடி வந்துவிடுகிறது! மெக்சிகோவின் யுகாட்டான் கரையோரக் குகைகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது நமக்கு நெருக்கமான தவறு. கோபுரப் பாறை இல்லையென்றால் கார்ஸ்ட் இல்லை என்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான நிலம்தான், ஆனால் அடியில் முழுக்க மயோசின் காலச் (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய) சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லுக்குள் இறங்கிவிடுவதால் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே கிடையாது. கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊறுகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. அடர்த்தி குறைந்த நன்னீர், கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும். மேலே 1 மீட்டர் இறங்கினால் அந்த 40 மீட்டரும் போகும் என்பதுதான் இதன் மறுபக்கம். ஆக, தண்ணீர் வற்றினால் கிணற்றை இன்னும் ஆழமாக்கலாம் என்பது இங்கே மிகவும் ஆபத்தான யோசனை, ஏனென்றால் ஆழத்தில் காத்திருப்பது உப்பு. அப்புறம், வெடிப்பு விழுந்த இந்தக் கல் மணலைப்போல நீரை வடிகட்டாது. வயலில் கொட்டும் உரமும் மலக்குழிக் கசிவும் வேகமாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும், குடிநீர்க் கிணறு தோண்டுமுன் இவை எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள்.