ஏற்காடு போகும் நாளில் பெட்டியை எங்கே வைப்பது?

சென்னையிலிருந்து வரும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பெயருக்குத்தான் ஏற்காடு. மலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் ஈரோட்டுக்குப் போய்விடும் அந்த வண்டி, பொழுது விடிவதற்கு முன்பே நம்மைச் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடுகிறது. திரும்பும் வண்டியோ இரவு 10 மணியை ஒட்டித்தான் வருகிறது. இடையில் கிடைக்கும் முழுப் பகல் ஏற்காட்டைப் பார்த்துவிட்டு இறங்குவதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் கல்யாணத்துக்கோ தேர்வுக்கோ வேலை விஷயமாகவோ சேலத்துக்கு வந்து, அப்படியே ஒரு நாளை மலைக்கு ஒதுக்குகிறவர்களின் கையில் பெட்டியும் இரண்டு பைகளும் இருக்கும். அவற்றை அதிகச் செலவில்லாமல் எங்கே விட்டுச் செல்வது என்பதைப் பல முறை போய்வந்த அனுபவத்தில் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியை மேலேயே கொண்டுபோய்விட்டால் என்ன என்ற கேள்வி முதலில் வரும். அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பேருந்தில் இருக்கைக்கு மேலே உள்ள கம்பித்தட்டில் சக்கரப் பெட்டி அடங்காது. நடைபாதையில் நிறுத்தினால் ஒவ்வொரு வளைவிலும் அது ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு உருண்டு, நின்றுகொண்டு வருபவர்களின் கணுக்காலைப் பதம் பார்க்கும். அதைப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தவர், மேலே இறங்கும்போது ஏரியைப் பார்க்கும் மனநிலையில் இருக்க மாட்டார். இறங்கிய பிறகும் தொல்லை தீராது. ஏரியும் அண்ணா பூங்காவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி ஆகியவை ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடக்கின்றன. கிளியூர் அருவிக்குப் படியிறங்கிப் போய், அதே படியில் மூச்சு வாங்க ஏற வேண்டும். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்துதான் நுழைய முடியும். போதாக்குறைக்கு, பையென்றாலே தின்பண்டம் என்று முடிவு கட்டிவிடும் குரங்குகள் வேறு. ஆகவே சுமையைக் கீழே, சேலத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

சேலத்தில் எங்கே விடுவது என்று முடிவு செய்யும்போது பெரும்பாலோர் ஒரு தவறு செய்கிறார்கள்: எங்கே இறங்கினோமோ அங்கேயே வைத்துவிடுகிறார்கள். இரவில் எங்கிருந்து கிளம்பப்போகிறோமோ அங்கேதான் வைக்க வேண்டும். ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது. ஏற்காட்டுப் பேருந்து கிளம்பும் புதிய பேருந்து நிலையம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரயிலில் வந்து இரவு ஆம்னி பேருந்தில் ஊர் திரும்புகிறவர் ஜங்ஷனில் பெட்டியை வைத்தால், மலையிலிருந்து புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, ஜங்ஷனுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, மறுபடியும் பேருந்து நிலையத்துக்கே வர வேண்டும். ஒரு பைக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு பைக்கு 60 ரூபாயோடு முடியாமல், இரண்டு முறை ஆட்டோவுக்குக் கொடுப்பதையும் சேர்த்தால் அது நகரத்திலேயே அதிகச் செலவு பிடித்த இடமாகிவிடும். வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அங்கே திரும்பிவர எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஜங்ஷனுக்கும் புதிய பேருந்து நிலையத்துக்கும் இடையே நகரப் பேருந்துகள் ஓடுவதால், நேரம் இருக்கிற பெண்களுக்கு ஜங்ஷனுக்குப் போய்வரும் அந்த அலைச்சல் செலவில்லாமல் முடிந்துவிடும்.

ரயிலில் வந்து ரயிலிலேயே திரும்புகிறவர்களுக்கு பைகளைக் கட்டணத்துக்குப் பாதுகாத்து வைக்கும் ரயில்வேயின் கிளாக் ரூம்தான் முதல் தேர்வு. இறங்கியவுடன் விசாரணைக் கவுன்டரில் அது எந்த நடைமேடைப் பக்கம் இருக்கிறது, இரவில் எத்தனை மணி வரை ஆள் இருப்பார் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் 24 மணி நேரத்துக்கு, ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். 10 மணி நேரம் வைத்தாலும் 24 மணி நேரக் கட்டணம்தான். அடுத்த 24 மணி நேரத்துக்குள் நுழைந்துவிட்டால் விகிதம் கூடும். ஒரு நாள் பயணிக்கு அந்தக் கவலை இல்லை. பயணச் சீட்டைக் காட்ட வேண்டியிருக்கும். செல்பேசியில் வந்த முன்பதிவுக் குறுஞ்செய்தியையும் அடையாள அட்டையையும் தயாராக வைத்திருந்தால், விடியற்காலைத் தூக்கத்தில் நிற்கும் வரிசை வேகமாக நகரும்.

கிளாக் ரூமில் வாக்குவாதம் வருவது பெரும்பாலும் பூட்டைப் பற்றித்தான். பூட்டாத பையை அங்கே ஏற்க மாட்டார்கள். சக்கரப் பெட்டிக்குப் பிரச்சினை இல்லை. தோள்பையின் ஜிப்புக்கு இரண்டு இழுப்பான்கள் இருந்தால், அவற்றை நேருக்கு நேர் கொண்டுவந்து, இரண்டு ஓட்டைகளிலும் ஒரு சின்னப் பூட்டைக் கோத்துவிடலாம். ஒரே இழுப்பான் இருந்தால், அதன் ஓட்டையையும் பையின் பக்கவாட்டில் உள்ள நாடா வளையத்தையும் சேர்த்துப் பூட்டினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஜவுளிக் கடையில் கொடுத்த கட்டைப்பையை எப்படியும் பூட்ட முடியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் ஜிப் வைத்த நைலான் பை ஒன்றையும் இரண்டு சின்னப் பூட்டுகளையும் பெட்டிக்குள் போட்டுக்கொண்டால், இந்தக் கட்டைப்பைகள் எல்லாம் அதற்குள் போய் ஒரே உருப்படியாகிவிடும். உருப்படிக்குத்தான் காசு என்பதால் பூட்டின் விலையும் இதிலேயே திரும்பி வந்துவிடும். பூட்டு வாங்க மறந்து, அதிகாலையில் கடை திறப்பதற்காக ஜங்ஷன் வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

கெட்டுப்போகும் பண்டங்களையும் அவர்கள் வாங்க மாட்டார்கள். மே, ஜூனில் மல்கோவாவும் இமாம்பசந்தும் அட்டைப் பெட்டி நிறைய வாங்கிவிட்டு அங்கே போய் நிற்பதில் பயனில்லை. மாம்பழத்தை மலையிலிருந்து இறங்கிய பிறகு, கிளம்பும் நேரத்தில் வாங்குங்கள். ரசீதைக் கையில் வாங்கியவுடன் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்வதும் அவசியம். அது தொலைந்தால், பை உங்களுடையதுதான் என்று எழுதிக் கொடுத்து, அடையாள அட்டை காட்டி வாங்குவதற்குள் வண்டி போய்விடும்.

நான்கு பேருக்கு மேல் சேர்ந்து வந்தால் வேறு கணக்கு. ஆறு பேருக்கு எட்டுப் பைகள் என்றால், எட்டுப் பைக்கும் கட்டணம் கொடுத்து, குளிக்கவும் உடை மாற்றவும் தனியாகச் செலவழிப்பதைவிட, புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் சாதாரண அறை ஒன்றை எடுத்து வாடகையைப் பிரித்துக்கொள்வது பல சமயங்களில் மலிவாக முடியும். இதில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 24 மணி நேரக் கணக்கா, அல்லது பகல் 12 மணிக்குக் காலி செய்யும் கணக்கா? விடியற்காலை 5 மணிக்கு நுழைகிறவர் பகல் 12 மணிக் கணக்கில் மாட்டினால், ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுத்ததோடு, மலையில் இருக்கும்போதே இரண்டாம் நாள் வாடகைக்கும் ஆளாவார். ஜங்ஷனிலேயே தங்கும் அறை கிடைத்தால் இன்னும் வசதி. உறுதியான பயணச் சீட்டு இருப்பவர்கள் அதை ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்யலாம்.

அறையே வேண்டாம், பை மட்டும் வைக்க வேண்டும் என்றாலும் லாட்ஜில் கேட்கலாம். அதைச் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். “அண்ணா, ரூம் வேண்டாங்க. மலைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துருவோம். ரெண்டு பை மட்டும் வைக்கணும், எவ்வளவுங்க ஆகும்?” என்று கேட்டால், பத்தில் நாலு பேராவது ஒரு தொகையைச் சொல்வார்கள். ஒப்புக்கொண்டால், பேரையும் எண்ணையும் அவர்களுடைய நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பையைக் கண்ணில் படும் கூடத்தில் விடாமல் உள்ளறையில் வைக்கச் சொல்லுங்கள். இரவுப் பணிக்கு வேறொருவர் வருவாரா என்று கேட்டு, அவரிடமும் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். முந்தின இரவு அதே லாட்ஜில் தங்கியிருந்தால் காலி செய்த பிறகும் பையை மாலை வரை வைத்திருப்பது வழக்கம்தான். பெரும்பாலும் அதற்குக் காசு கேட்பதில்லை.

இரவில் ஆம்னி பேருந்தில் போகிறவர்கள் பலருக்கும் தோன்றாத ஒரு வழி, சீட்டு போட்ட டிராவல்ஸின் அலுவலகமே. பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கும் அந்த அலுவலகங்களில், அன்றிரவுப் பயணச் சீட்டைக் காட்டினால் பையைக் காலையிலிருந்தே வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. காலையில் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் ஏற வேண்டிய இடமும் அதுவே என்றால், இதைவிட மலிவான ஏற்பாடு சேலத்தில் கிடையாது.

டீக்கடை, பெட்டிக்கடை, செல்பேசிக் கடை என்று தெரியாத கடைகளில் வைப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. கடைக்காரர்கள் கெட்டவர்கள் என்பதல்ல காரணம். ஒருமுறை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் டீ குடித்துவிட்டு, அந்த அண்ணன் அன்பாகச் சம்மதித்ததால் பையை உள்ளே வைத்துவிட்டுப் போனேன். காசுகூட வாங்கவில்லை. இரவு 8 மணிக்குத் திரும்பினால் ஷட்டர் இறங்கியிருந்தது. அவர் வீட்டில் ஏதோ விசேஷம். சீக்கிரமே அடைத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்துக் கடைக்காரர் அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்து, அவர் பந்தியிலிருந்து கை கழுவிக்கொண்டு சாவியோடு வந்து திறந்தபோது என் வண்டிக்குப் பதினைந்து நிமிடம்தான் பாக்கி இருந்தது. வேறு வழியே இல்லாமல் கடையில் வைத்தால், அடைக்கும் நேரத்தையும் கடைக்காரரின் எண்ணையும் கேட்காமல் நகராதீர்கள். வாடகைக் கார் எடுக்கிறவர்களுக்கு டிக்கியே போதும். மாலையில் கொண்டுவந்து விடும் இடம் எது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

எங்கே வைத்தாலும் சில பொருள்கள் கையோடுதான் இருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு, சான்றிதழ்கள், மடிக்கணினி, மருந்து, பணம் ஆகியவை பகல் பையில் போகட்டும். கல்யாணத்துக்குக் கொண்டுவந்த வெண்பட்டு வேட்டியையும் புடவையையும் பெட்டியில் விட்டால், பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி நடுவில் வையுங்கள். ஏனெனில் அடுக்கி வைக்கும் அறைகளில் உங்கள் பெட்டிக்கு மேலே யாருடைய ஈரப் பை வரும் என்று சொல்ல முடியாது. பகல் பையில் சேர்க்க வேண்டியவை ஒரு ஸ்வெட்டர், குடை, தண்ணீர், செல்பேசி சார்ஜர் ஆகியவைதான். கால் பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். காப்பித்தூளும் மிளகும் வாங்காமல் ஏற்காட்டிலிருந்து இறங்கியவரை நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது, மேலிருந்து கடைசிப் பேருந்தை நம்பிக் கிளம்பாதீர்கள். வார இறுதியிலும் மே மாதக் கோடை விழா நாட்களிலும் வளைவுகளில் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். பேருந்தில் ஏறவே இடம் கிடைக்காது. மாலை 5 மணியளவில் இறங்கத் தொடங்கினால், புதிய பேருந்து நிலையத்தில் சாப்பிட்டுவிட்டு, நிதானமாக ஜங்ஷனுக்குப் போய், வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே கிளாக் ரூம் வாசலில் நிற்கலாம். ரசீதைக் கொடுத்துப் பையை வாங்கியதும் பூட்டையும் எண்ணிக்கையையும் அங்கேயே, ஊழியரின் கண் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். நடைமேடைக்குப் போன பிறகு மூன்றாவது பையைக் காணோம் என்று திரும்பி வந்தால், அந்த ஜன்னலுக்கு முன்னால் உங்களைப் போலவே மலையிலிருந்து இறங்கிய இருபது பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.