காயில் தனித்தனி, விசையும் தனித்தனியா? மின்காந்த வடிவமைப்பில் சறுக்கும் இடங்கள்

ஒரு இரும்புத் தட்டு. அதற்கு மேலே முக்கோணமாக மூன்று மின்காந்தங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி காயில் (கம்பிச் சுருள்), அதற்கு மின்னோட்டம் கொடுக்கும் தனி டிரைவர் சுற்று, தனி சென்சார். மூன்று இடத்திலும் இழுவையைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்து, தட்டை அந்தரத்தில் நிறுத்தி, வேண்டிய பக்கம் சாய்க்கலாம் என்பது திட்டம். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது தட்டு நிற்கவே இல்லை. எல்லோரையும் போல நானும் புரோகிராமில்தான் பிழை என்று நினைத்து இரண்டு வாரம் அதையே திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் பொறுமை போய், தட்டை அசையாமல் இறுக்கி, மூன்று இடத்திலும் லோட் செல் (விசையை அளக்கும் சென்சார்) வைத்து விசையை மட்டும் அளந்தேன். முதல் காயிலில் மின்னோட்டத்தை ஏற்றினால் இரண்டாவது காயிலின் இழுவை குறைந்தது. இரண்டாவதின் மின்னோட்டம் இம்மியும் மாறவில்லை. பிழை இரும்பில் இருந்தது.

நான் செய்தது இதுதான். மூன்று காயில்களையும் ஒரே தடித்த இரும்புப் பலகையில் போல்ட் போட்டு மாட்டியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் காந்தப் பாயம், அதாவது காந்தக் கோடுகளின் ஓட்டம் (flux), என்பது மின்சாரம் மாதிரியே ஒரு சுற்று. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். முதல் காயிலின் பாயம் தட்டுக்குள் இறங்கி, திரும்பி வர வழி தேடி, பக்கத்து இரண்டு காயில்களின் உள்ளகம் (சுருளுக்கு நடுவில் உள்ள இரும்பு) வழியாக ஏறி, மேலே பலகை வழியாக வீடு திரும்பியது. அங்கே ஏற்கெனவே கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்த பாயத்தை இது எதிர்த்தது. விசை பாயத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், சின்னக் கலப்பும் பெரிதாகத் தெரிந்தது. வயரிங் தனித்தனியாக இருந்து என்ன பயன், இரும்பு கூட்டுக் குடும்பமாக இருந்தால்?

இதற்கு வழி, ஒவ்வொரு மின்காந்தத்துக்கும் அதன் பாயம் திரும்பி வர சொந்தப் பாதை கொடுப்பது. யூ வடிவ உள்ளகமோ, ஈ வடிவ உள்ளகமோ, நடுவில் தண்டும் சுற்றிலும் சுவரும் உள்ள கிண்ண வடிவமோ போதும். அவற்றைத் தாங்கும் அடித்தளம் இரும்பாக இருக்கக் கூடாது; ஹைலம் ஷீட்டோ (பிசினில் அழுத்திய கெட்டிப் பலகை) அலுமினியமோ போடலாம். சுழலும் தண்டைக் காந்தத்தால் தாங்கும் பேரிங்குகளில் பெரும்பாலும் இந்தச் சொகுசு கிடையாது. வழக்கமான அமைப்பில் எட்டுத் துருவங்களும் ஒரே இரும்பு வளையத்தில்தான் இருக்கும். அங்கே துருவ வரிசையில் கவனம் வைப்பார்கள். வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி வைத்தால் பாயம் அடுத்த ஜோடிக்குத் தாராளமாகப் பாயும். வடக்கு, வடக்கு, தெற்கு, தெற்கு என்று வைத்தால், அடுத்தடுத்த ஜோடிகள் சந்திக்கும் இடத்தில் ஒரே துருவம் வருவதால், அந்தப் பக்கம் போகப் பாயத்துக்குக் காரணம் இருக்காது. தண்டு ஒருமுறை சுற்றும்போது சந்திக்கும் துருவ மாற்றமும் எட்டிலிருந்து நான்காகக் குறைகிறது.

கலப்பு இருக்கிறதா என்று பார்க்க லோட் செல்கூடத் தேவையில்லை. ஒரு காயிலுக்கு 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மாறுமின்னோட்டம் கொடுங்கள். வீட்டு பிளக்கிலிருந்து நேராக வேண்டாம். மற்ற காயில்களைத் திறந்து விட்டு, அவற்றின் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். சுற்று எண்ணிக்கை சமமாக இருந்தால், அங்கே தெரியும் வோல்ட்டேஜை முதல் காயிலின் வோல்ட்டேஜால் வகுத்தால் எவ்வளவு பாயம் அந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். என் பழைய அமைப்பு கிட்டத்தட்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மராகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு எச்சரிக்கை: உள்ளகம் தகடுகளாக இல்லாமல் கெட்டி இரும்பாக இருந்தால், 50 ஹெர்ட்ஸிலேயே இரும்புக்குள் எழும் சுழல் மின்னோட்டம் பாயத்தைத் தடுத்து, உண்மையைவிட நல்ல எண்ணைக் காட்டிவிடும்.

உள்ளகத்தைப் பிரித்தாயிற்று, சரி. அசையும் பாகம்? அது இன்னும் எல்லோருக்கும் பொதுதான். எடை குறையட்டும் என்று அதை மெல்லியதாக வெட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

கணக்கு போட்டுப் பார்ப்போம். யூ வடிவ உள்ளகம், ஒவ்வொரு துருவ முகமும் (தட்டைப் பார்க்கும் முனை) 2 செ.மீ.க்கு 2 செ.மீ., அதாவது 4 சதுர செ.மீ. காயிலில் 500 சுற்று, 2 ஆம்பியர். மொத்தம் 1000 ஆம்பியர்-சுற்று. இரண்டு துருவத்துக்கும் தட்டுக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி. துருவ முகத்தில் பாய அடர்த்தி சுமார் 0.63 டெஸ்லா வரும். இழுவை ஏறக்குறைய 126 நியூட்டன், கிட்டத்தட்ட 13 கிலோ எடை. இடைவெளியை 2 மி.மீ. ஆக்கினால் 31 நியூட்டன், அரை மி.மீ. ஆக்கினால் 500 நியூட்டன், அப்போது பாய அடர்த்தி சுமார் 1.26 டெஸ்லா. இவ்வளவும், பாயத்தைச் சுமக்க இரும்பு போதுமான அளவு இருந்தால்தான். தட்டு 2 செ.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள பட்டை என்று வையுங்கள். அதன் குறுக்குவெட்டு 0.6 சதுர செ.மீ. 4 சதுர செ.மீ. துருவத்திலிருந்து வரும் 1.26 டெஸ்லாவை அதற்குள் திணித்தால் 8 டெஸ்லாவுக்கு மேல் போக வேண்டும். சாதாரண மென் எஃகு 1.5 டெஸ்லாவைத் தாண்டும்போதே முரண்டு பிடிக்கத் தொடங்கி, 2 டெஸ்லா பக்கம் வரும்போது, அதற்கு மேல் பாயத்தை ஏற்காமல் தெவிட்டிவிடும். பட்டை 1.8 டெஸ்லா தாங்கும் என்று தாராளமாக வைத்தாலும், துருவ முகத்தில் 0.27 டெஸ்லாதான் மிஞ்சும். 500 நியூட்டன் எதிர்பார்த்த இடத்தில் 23 நியூட்டன்.

விசை குறைவதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. இரண்டு மின்காந்தங்களின் பாயம் அசையும் பாகத்தின் ஒரே பகுதி வழியாகப் போனால், ஒன்று அந்த இரும்பைத் தெவிட்டவைத்த பிறகு மற்றொன்று எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தாலும் இழுக்காது. மேசையில் குறைந்த மின்னோட்டத்தில் சோதித்தபோது தனித்தனியாக நடந்துகொண்டவை, முழுச் சுமையில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்தக் குறுகலான பகுதியைக் காகிதத்தில் கண்டுபிடிப்பதே நல்லது.

அடுத்தது, விசையைக் கட்டுப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு மின்னோட்டத்தை நேர்கோட்டில் ஏற்றுவது. மின்காந்தம் மென்மையான இரும்பை இழுக்கத்தான் தெரியும். மின்னோட்டத்தைத் திருப்பிப் போட்டாலும் இழுக்கவே செய்யும். ஆகவே இரு பக்கமும் விசை வேண்டுமென்றால் எதிரெதிராக இரண்டு காந்தங்கள். அப்போது பலர் வலது பக்கம் வேண்டுமானால் வலது காயில், இடது பக்கம் வேண்டுமானால் இடது காயில் என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். மேலே சொன்ன அதே உள்ளகத்தில் 50 ஆம்பியர்-சுற்று கொடுத்தால் வெறும் 0.3 நியூட்டன், 100 கொடுத்தால் 1.3 நியூட்டன். நடுவில், அதாவது மிக நுணுக்கமான கட்டுப்பாடு தேவைப்படும் இடத்தில், ஸ்டீயரிங் கழன்ற வண்டி மாதிரி இருக்கும்.

இரண்டு காயிலிலும் எப்போதும் 500 ஆம்பியர்-சுற்று ஓட விடுங்கள். ஒன்றில் 50 கூட்டி மற்றொன்றில் 50 குறைத்தால் 12.6 நியூட்டன் வித்தியாசம். 100 என்றால் 25 நியூட்டன். தட்டு நடுவில் இருக்கும்வரை வர்க்கம் மறைந்து நேர்கோடு வந்துவிடுகிறது. இதற்கு விலை சூடு. ஒன்றுமே செய்யாமல் நிற்கும்போதும் காயில் சுட்டுக்கொண்டே இருக்கும். அந்த அடிப்படைப் பாயத்தை நிரந்தரக் காந்தத்திடம் விட்டுவிடலாம், ஆனால் அது மூன்றாவதாக ஒரு பாயப் பாதையைக் கொண்டுவருகிறது. மேலே பார்த்த கலப்புத் தலைவலி திரும்ப ஆரம்பிக்கும். முதல் முயற்சியில் வேண்டாம் என்பேன்.

நேரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நிலையான காந்த விசைகளை மட்டும் வைத்து ஒரு இரும்புப் பொருளை அந்தரத்தில் நிலையாக நிறுத்த முடியாது என்பது 1842-லேயே ஆங்கிலேயக் கணிதவியலாளர் சாமுவேல் எர்ன்ஷா காட்டியதிலிருந்து வருவது. தட்டு காந்தத்தை நெருங்க நெருங்க இழுவை கூடுகிறது, விலக விலகக் குறைகிறது. கட்டுப்பாடு இல்லையென்றால் ஒட்டும் அல்லது விழும். 1 மி.மீ. இடைவெளியில் ஒரு பொருள் தொங்கினால், சின்ன விலகல் சுமார் 7 மில்லிவினாடியில் 2.7 மடங்காகப் பெருகும். இப்போது காயிலைப் பாருங்கள். 500 சுற்றுக்கு அதன் தூண்டல் எண் (மின்னோட்டம் மாறுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) சுமார் 63 மில்லிஹென்றி. 12 வோல்ட்டில் மின்னோட்டம் 1 ஆம்பியர் மாற, மின்தடையைக் கணக்கில் எடுக்காமலேயே 5 மில்லிவினாடி ஆகும். எடுத்தால் இன்னும் மோசம். காயிலின் மின்தடை 6 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 2 ஆம்பியரை எட்டவே எட்டாது. புரோகிராம் நொடிக்குப் பத்தாயிரம் தடவை ஓடினாலும் காயில் தன் வேகத்தில்தான் நடக்கும்.

இங்கே விசை போதவில்லை என்று சுற்றைக் கூட்டுவது, இருக்கும் நோயை வளர்ப்பது. பாதி சுற்று, இரு மடங்கு குறுக்குவெட்டுள்ள கம்பி என்று மாற்றினால் அதே ஆம்பியர்-சுற்று, அதே செம்பு, அதே சூடு. ஆனால் தூண்டல் எண் கால் பங்கு, அதே வோல்ட்டேஜில் இரு மடங்கு வேகம். அப்புறம் டிரைவரை 48 வோல்ட்டுக்கு மாற்றுங்கள், மின்னோட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் உள் லூப்போடு. வெறும் வோல்ட்டேஜை வைத்து ஓட்டினால், செம்பு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் மின்தடை ஏறும். வெப்பநிலை 80 டிகிரி கூடினால் மின்னோட்டம் முக்கால் பங்குக்கும், விசை அறுபது சதவீதத்துக்குச் சற்றுக் கீழேயும் இறங்கிவிடும். மூன்று காயிலும் ஒரே அளவு சூடாகாது என்பதால் தட்டு மதியத்துக்கு மேல் தானாகவே சாயும்.

மின்னோட்டத்தை ஏற்றுவதில் காட்டும் அக்கறையை இறக்குவதில் காட்டுவதில்லை. காயிலுக்குக் குறுக்கே ஒரு சாதா டயோடு போட்டால் டிரைவரில் சுவிட்சாக இருக்கும் மாஸ்ஃபெட் பிழைக்கும், உண்மைதான். ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் மின்னோட்டம் டயோடு வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். 63 மில்லிஹென்றியும் 6 ஓமும் என்றால் அது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கவே பத்து மில்லிவினாடிக்கு மேல். விழுவதற்கு ஏழே மில்லிவினாடி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஹெச்-பிரிட்ஜ் (வோல்ட்டேஜைத் திருப்பிக் கொடுக்கும் சுவிட்ச் சுற்று) போட்டு எதிர் வோல்ட்டேஜ் கொடுத்தால்தான் இழுவை சட்டென்று குறையும்.

கெட்டி இரும்புக்கு வருகிறேன். பலர் உள்ளகத்துக்கு மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டாம்பிங் (வெட்டிய மெல்லிய தகடுகள்) வாங்கிவிட்டு, அசையும் பாகத்தைக் கெட்டி எஃகில் கடைந்துவிடுகிறார்கள். பாயம் அதற்குள்ளும்தானே மாற வேண்டும்? அங்கே சுழல் மின்னோட்டம் எழுந்து, மின்னோட்டத்துக்குப் பின்னால் விசை தாமதமாக வரும். துருவ முகத்தில் 0.1 மி.மீ. பித்தளைத் தகடு ஒட்டாமல் விட்டால், மின்னோட்டம் நின்ற பிறகும் தேங்கிய காந்தம் தட்டைப் பிடித்துக்கொள்ளும்.

சென்சார் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்: காந்தப் புலத்தைப் படிக்கும் ஹால் சென்சாரைக் காயிலுக்குப் பக்கத்தில் வைத்து இடத்தை அளக்காதீர்கள். அது காயிலின் புலத்தையும் படிக்கும், பக்கத்துக் காயிலின் புலத்தையும் படிக்கும். இரும்பில் அரும்பாடுபட்டுப் பிரித்ததை சென்சார் மறுபடி ஒட்டிவிடும். அகச்சிவப்பு ஒளியைத் தட்டில் பட்டுத் திரும்பவைத்து அளக்கும் சென்சாரோ, உயர் அதிர்வெண் சுழல் மின்னோட்ட சென்சாரோ போடுங்கள். முடிந்தவரை காந்தம் இழுக்கும் அதே புள்ளியில்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் தட்டு ஒரே பொருள். ஒரு மூலையை இழுத்தால் மற்ற மூலைகளும் நகரும். இது காந்தக் கலப்பு அல்ல, வெறும் இயக்கவியல். மூன்று மூலைக்கும் மூன்று தனிக் கட்டுப்பாட்டு லூப் போட்டால் அவை ஒன்றின் வேலையை ஒன்று கெடுக்கும். மொத்தமாக ஏறி இறங்குவது, முன்பின் சாய்வது, பக்கவாட்டில் சாய்வது என்று மூன்று அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு லூப் வைத்து, கடைசியில் மூன்று காயில்களுக்கும் பங்கிட வேண்டும். ஒரு விறைப்பான தட்டின் இந்த மூன்று அசைவுக்கு நான்காவது காந்தத்தைத் தனி லூப்போடு சேர்த்தால், நாற்காலியின் நாலாவது கால் மாதிரி ஆட்டம்தான். காந்தத்தால் மிதந்து ஓடும் ஜெர்மனியின் டிரான்ஸ்ராபிட் ரயிலில் இதை வேறு விதமாகச் சமாளித்தார்கள். தூக்கும் காந்தங்களும் பக்கவாட்டில் வழிநடத்தும் காந்தங்களும் தனி. ஒவ்வொன்றும் தன் இடைவெளியை, சுமார் 10 மி.மீ.யை, தானே பார்த்துக்கொள்ளும். பெட்டியோடு அவை விறைப்பாக இணைக்கப்படவில்லை, நடுவே ஸ்பிரிங் இருக்கிறது. சக்கரத்துக்கு ஸ்பிரிங் போடுகிற அதே யோசனை. ஷாங்காயில் விமான நிலையத்துக்குப் போகும் 30 கி.மீ. பாதையில் ஓடுவது இந்தத் தொழில்நுட்பம்தான்.

நான் திரும்பச் செய்தபோது ஸ்பிரிங்குக்கு இடமில்லை. பங்கீட்டுக் கணக்கையே போட்டேன். மூன்று யூ உள்ளகம், ஹைலம் அடித்தளம், 250 சுற்று. தட்டைத் தொங்கவிடுவதற்கு முன் மறுபடி இறுக்கி வைத்து, ஒவ்வொரு காயிலையும் ஏற்றி மூன்று லோட் செல்லையும் படித்து, ஒன்பது எண்களை ஒரு தாளில் எழுதினேன். இந்தத் தடவை பக்கத்து எண்கள் அசையவில்லை. அதன் பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.