வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படம் மெதுவாக வருகிறதா? கியூஜிஐஎஸ்ஸில் நீங்களே சோதிக்கலாம்

வரைபடத்தை ஜூம் செய்கிறோம். பாதித் திரையில் படம் வந்துவிடுகிறது, மீதி வெள்ளைக் கட்டங்களாக நிற்கிறது. உடனே "நெட் ஸ்லோ" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் தாமதம் நான்கு இடங்களில் நடக்கலாம்: படத்தை அனுப்பும் சர்வர், இடையிலுள்ள இணைய இணைப்பு, இறக்கியதைச் சேமித்து வைக்கும் கேஷ், படத்தை வரையும் நம் கணினி. எந்த இடம் என்று பிரித்துப் பார்க்காமல் புது இணைப்புக்கோ புது லேப்டாப்புக்கோ பணம் செலவழிப்பது வீண். பிரித்துப் பார்க்க இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் ஒன்றே போதும்.

படி 1: எந்தப் படம், எந்த இடம்

செயற்கைக்கோள் படங்களை இணையம் வழியாகத் தரும் நாசாவின் ஜிப்ஸ் சேவையை எடுத்துக்கொள்வோம். 1000-க்கும் மேற்பட்ட படத் தொகுப்புகளை யாரும் கணக்கு தொடங்காமலே பார்க்க அது தருகிறது. அதில் தினசரிப் படங்களும் உண்டு. சோதனைக்கு அவை வேண்டாம். இன்றைய படம் இன்னும் முழுதாக வந்து சேராத இடத்தில் திரை காலியாக இருக்கும், நீங்கள் அதைத் தாமதம் என்று நினைத்துவிடுவீர்கள். பூமி முழுவதையும் காட்டும், நாள்தோறும் மாறாத 'ப்ளூ மார்பிள்' படத் தொகுப்புதான் (மென்பொருளில் இதை அடுக்கு என்பார்கள்) சரி.

இடமும் முக்கியம். கடலும் பாலைவனமும் ஒரே நிறமாக இருப்பதால் அந்தப் படத்துண்டுகள் அளவில் சிறியவை. வயலும் ஊரும் கலந்த இடங்களின் துண்டுகள் பெரியவை. எகிப்தில் மூன்றும் அருகருகே இருக்கின்றன. அதனால் நைல் டெல்டா, கெய்ரோவைச் சுற்றிய பகுதி, தெற்கே நாசர் ஏரி ஆகிய மூன்றையும் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: இணைப்பு

நாசாவின் ஜிப்ஸ் ஆவணப் பக்கத்தில், இணைய வரைபடங்களில் வழக்கமான வெப் மெர்கேட்டர் வீழலுக்கான (வீழல் என்பது உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும் முறை) டபிள்யூஎம்டிஎஸ் முகவரியை நகலெடுங்கள். டபிள்யூஎம்டிஎஸ் என்பது படத்தைச் சிறு துண்டுகளாக அனுப்பும் முறை. கியூஜிஐஎஸ்ஸின் பிரவுசர் பலகத்தில் 'டபிள்யூஎம்எஸ்/டபிள்யூஎம்டிஎஸ்' மீது வலது கிளிக் செய்து, புது இணைப்பு உருவாக்கி அங்கே ஒட்டுங்கள். முதல் முறை அடுக்குகளின் பட்டியல் வரவே கொஞ்சம் நேரம் பிடிக்கும். அது பட்டியலுக்கான நேரம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ப்ளூ மார்பிளைச் சேர்த்ததும் வலது கீழ் மூலையில் வெப் மெர்கேட்டரின் எண்ணான இபிஎஸ்ஜி 3857 இருக்கிறதா பாருங்கள். வேறு எண் இருந்தால் வரும் ஒவ்வொரு துண்டையும் கணினி வேறு வீழலுக்கு மாற்றி வரைய வேண்டும், அந்த நேரமும் சேர்ந்துவிடும்.

அப்புறம் மூன்று இடங்களையும் கண்ட்ரோல்+பி அழுத்தி புக்மார்க் செய்யுங்கள். கையால் நகர்த்தினால் ஒவ்வொரு முறையும் வேறு இடம் வரும், ஒப்பிட முடியாது. 25 லட்சத்துக்கு 1 என்ற வரைபட அளவைத் தாண்டி உள்ளே போகவும் வேண்டாம். இந்த அடுக்கு 8-ஆம் ஜூம் நிலையோடு முடிகிறது. அதற்கு மேல் சர்வரிடம் துண்டுகளே கிடையாது. இருப்பதைத்தான் மென்பொருள் பெரிதாக்கிக் காட்டும். அங்கே தெரியும் மங்கல் எத்தனை நேரம் காத்திருந்தாலும் போகாது.

கடைசியாக, அடுக்கின் டிக்கை எடுத்துவிட்டு ப்ராஜெக்டைச் சேமியுங்கள்.

படி 3: வெறும் கேஷுடன் ஓட்டம்

அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் கேஷை அழியுங்கள். அழித்த பிறகு கியூஜிஐஎஸ்ஸை மூடித் திறப்பது கட்டாயம். டைல் எனப்படும் அந்தத் துண்டுகளை மென்பொருள் வட்டில் மட்டுமல்லாமல் நினைவகத்திலும் வைத்திருக்கும். வட்டை மட்டும் துடைத்தால் பழைய டைல்களே பளிச்சென்று வந்து நிற்கும்.

திறந்ததும் எஃப்12 அழுத்துங்கள். வரும் பலகத்தில், மென்பொருள் இணையத்தில் கேட்பதையெல்லாம் பதியும் நெட்வொர்க் லாகர் இருக்கும், பதிவை ஓடவிடுங்கள். முதல் புக்மார்க்குக்குப் போய் அடுக்கை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு டைலுக்கும் ஒரு வரி வரும். ஒரு டைல் 256-க்கு 256 பிக்சல் என்பதால் முழு எச்டி திரையை நிரப்ப நாற்பது, ஐம்பது வரிகள் வரை வரலாம்.

நான் குறித்துக்கொள்பவை இவை: முதல் டைல் தெரிய எத்தனை நேரம், திரை நிரம்ப எத்தனை நேரம், மிக மெதுவான டைல் எது. சராசரி எடுக்காதீர்கள். ஒரே ஒரு டைல் மாட்டிக்கொண்டாலே பார்ப்பவருக்கு மொத்த வரைபடமும் மெதுவாகத் தெரியும், சராசரியில் அது மறைந்துவிடும். வேகமாக நகர்த்தும்போது 'ரத்து' என்று சில வரிகள் வந்தால் பயப்பட வேண்டாம். இனித் தேவையில்லாத டைல்களை மென்பொருளே விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

படி 4: நிறைந்த கேஷுடன்

மூடாமல், அதே புக்மார்க்குகளை அதே வரிசையில் மறுபடி போய்ப் பாருங்கள். பதிவில் புதிதாக எதுவும் வராமலே போகலாம், அல்லது கேஷிலிருந்து எடுத்தது என்ற குறிப்போடு வரும். இந்தச் சுற்றும் மெதுவாக இருந்தால் இணையத்துக்கு அதில் பங்கில்லை. கணினியையும் வீழல் மாற்றத்தையும் கவனியுங்கள். முதல் சுற்று மட்டும் மெதுவென்றால் சர்வர் அல்லது இணைப்பு.

அந்த இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. மெதுவான டைலின் முகவரியை லாகரில் நகலெடுத்து, மொபைல் ஹாட்ஸ்பாட் போன்ற வேறு இணைப்பில் இணைய உலாவியில் திறங்கள். அங்கேயும் இழுத்தடித்தால் சர்வர் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. 429 என்ற எண் வந்தால் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று சர்வர் சொல்கிறது. 503 என்றால் அதனால் இப்போது தாங்க முடியவில்லை.

படி 5: டபிள்யூஎம்எஸ்ஸோடு ஒப்பிடுங்கள்

ஜிப்ஸ் இதே படத்தை டபிள்யூஎம்எஸ் என்ற இன்னொரு முறை வழியாகவும் தருகிறது. அதையும் இணைத்து அதே ஓட்டத்தை ஓட்டுங்கள். வரிகள் சட்டெனக் குறைந்திருக்கும். திரையில் தெரியும் பரப்பை அப்போதைக்கப்போது பெரிய படமாகக் கேட்டு வாங்குவது அதன் முறை. துளி நகர்த்தினாலும் அது வேறு படம், பழைய கேஷ் உதவாது. டபிள்யூஎம்டிஎஸ்ஸில் ஓரத்து டைல்களை மட்டும் கேட்டால் போதும். பலர் பகிர்ந்து பார்க்கும் படத்துக்கு டபிள்யூஎம்டிஎஸ்தான் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சுற்றை மட்டும் நம்பாதீர்கள். காலையிலும் இரவிலும் ஓட்டிப் பாருங்கள். ஆனால் ஸ்கிரிப்ட் எழுதி ஆயிரக்கணக்கான டைல்களை இழுக்கும் சோதனையைப் பொதுச் சேவைகளில் செய்யவே கூடாது. பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல் விதிகள் மொத்தமாக இறக்குவதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. அந்த அளவுக்கு அழுத்திப் பார்க்க வேண்டுமென்றால் சொந்தக் கணினியில் ஜியோசர்வர் என்ற வரைபட சர்வர் மென்பொருளை நிறுவிச் செய்யுங்கள்.

சர்வர்தான் மெதுவென்று தெரிந்து அதை நடத்துபவர்களுக்கு எழுதப் போகிறீர்களா? லாகரின் பதிவைக் கோப்பாகச் சேமித்து, கியூஜிஐஎஸ் பதிப்பு, நேரம், கேஷ் நிலை ஆகியவற்றோடு அனுப்புங்கள். அனுப்பும் முன் கோப்பைத் திறந்து பாருங்கள்: கட்டணச் சேவைகளின் முகவரிக்குள் உங்கள் சாவிக் குறியீடு அப்படியே இருக்கும், அதை நீக்கிவிடுங்கள்.