முக்கால் கிலோவும் 0.750-ம்: பின்னம், தசமம் மாற்றும் முறை

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி கடையில் "முக்கால் கிலோ செந்தூரா போடுங்கண்ணா" என்று கேட்டால் எலக்ட்ரானிக் தராசில் 0.750 என்று வரும். நாம் கேட்டது பின்னம், தராசு காட்டுவது தசமம், எடை ஒன்றேதான். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.

பின்னத்திலிருந்து தசமம்

3/4-ல் நடுவில் உள்ள கோடு வகுத்தல் குறி. மேலே இருக்கும் தொகுதியைக் கீழே இருக்கும் பகுதியால் வகுக்க வேண்டும். 3-ல் 4 போகாது, அதனால் 0 போட்டுப் புள்ளி வையுங்கள். இப்போது 3-ஐ 30 ஆக்குங்கள். அந்த 30 என்பது 30 பத்தில் ஒன்றுகள்; புள்ளி வைப்பதே இதனால்தான். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், காரணம் தெரிந்தால் புள்ளி இடம் மாறாது. நாலேழு 28, மீதி 2. அதை 20 ஆக்கினால் நாலஞ்சு 20, மீதி இல்லை. விடை 0.75. தராசு கடைசியில் காட்டும் 0 மதிப்பை மாற்றாது.

அரைக்கால், அதாவது 1/8, இதே வழியில் 0.125. கிலோவில் 125 கிராம்.

வகுத்தல் முடியுமா?

1/3-ஐ வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மீதி 1 தான், 0.333... என்று ஓடிக்கொண்டே இருக்கும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். முதலில் பின்னத்தைச் சுருக்குங்கள். பிறகு பகுதியைப் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள். 2, 5 மட்டுமே இருந்தால் தசமம் முடியும், ஏனென்றால் 10, 100, 1000 எல்லாம் 2, 5 ஆகியவற்றின் பெருக்கல்தான். வேறு எண் இருந்தால் முடியாது. 9/12-ல் 12-ஐப் பார்த்து அவசரப்படாதீர்கள். சுருக்கினால் 3/4 தான்.

தசமத்திலிருந்து பின்னம்

புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். 0.375-ல் மூன்று, அதனால் 375/1000. இரண்டையும் 125-ஆல் வகுத்தால் 3/8. 125 சட்டென்று தோன்றாவிட்டால் 5, 5, 5 என்று மூன்று முறை வகுத்தாலும் சரி.

0.05-ல் கவனம் தேவை. இரண்டு இலக்கம், அதனால் 5/100, சுருக்கினால் 1/20. இதை 5/10 என்று எழுதினால் 50 கிராம், 500 கிராமாகிவிடும்.

முடியாத தசமத்தை என்ன செய்வது? 0.333...-ஐ x என்று வையுங்கள். 10x = 3.333... இதிலிருந்து x-ஐக் கழித்தால் புள்ளிக்குப் பின் வரும் வால் முழுவதும் அடிபட்டு 9x = 3, x = 1/3. எனக்குக் கணக்கில் மிகப் பிடித்த இடம் இது.

இதே வழியில் 0.1666...-ஐ முயன்று பாருங்கள். இங்கே 100x-லிருந்து 10x-ஐக் கழிக்க வேண்டும்: 90x = 15. விடை 1/6 வந்தால், 1-ஐ 6-ஆல் வகுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.