முள் காட்டுவது அமுக்கம் அன்று: நீராவிச் சுற்றுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னேரங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நீராவி மின்நிலையங்கள் ஓடும் ராங்கின் சுற்றுக் கணக்குகளோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள என் வீட்டு விறாந்தைக்கு வருவார்கள். கூட்டல் கழித்தல் பிழைகளைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அவை தாமாகத் திருந்தும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் விட்ட அதே பிழையை, அதே நிச்சயத்தோடு அவர்களும் விடும்போதுதான் பொறுக்க முடிவதில்லை.

வெற்றிடமானியின் எண்ணை அப்படியே எடுப்பது

8 மெகாபாஸ்கல், 500 பாகை செல்சியசில் நீராவி டர்பைனுக்குள் போகிறது. டர்பைனை விட்டு வரும் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் ஒடுக்கியின் வெற்றிடமானி 684 மில்லிமீற்றர் இரசம் காட்டுகிறது. பிள்ளை அதை 91 கிலோபாஸ்கல் என்று மாற்றிக்கொண்டு நீராவி அட்டவணையைப் புரட்டத் தொடங்கிவிடும். உள்ளே எவ்வளவு அமுக்கம் இருக்கிறது என்று அந்த முள் சொல்லவேயில்லை. வெளியே இருப்பதைவிட எவ்வளவு குறைவு என்றுதான் சொல்கிறது. மானி அமுக்கம் என்பது இந்த வித்தியாசம்தான். வெளிக்காற்றின் 760இல் 684 போனால் மீதி 76 மில்லிமீற்றர், ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல். இதுதான் தனி அமுக்கம். அட்டவணை கேட்பதும் இதைத்தான்.

இழப்பில்லாத சுற்று என்று வைத்துக்கொண்டால் 10 கிலோபாஸ்கலில் வினைத்திறன் 39.4 சதவீதம். 91ஐப் போட்டால் 32ஐச் சற்றே தாண்டும்.

தெற்கே ஓர் ஆலையில் நான் கணித்ததும் இந்த 32தான். ஒடுக்கிக்குள் காற்றுக் கசிந்து அமுக்கத்தை ஏற்றுகிறது என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இயந்திரத்தை இரண்டு நாள் நிறுத்தி, ஒடுக்கியின் நீராவிப் பக்கத்தைத் தண்ணீரால் நிரப்பிக் கசிவு தேடினார்கள். ஒரு சொட்டும் வரவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் பழகி வந்த மூத்த பிற்றர் ஒருவர் அங்கே இருந்தார். "தம்பி, நீங்கள் எழுதியது சரியென்றால் டர்பைனின் வெளிவாய் கேத்தில் மூக்குப் போலச் சுட்டிருக்க வேண்டும். நான் நிறுத்துவதற்கு முன் கை வைத்துப் பார்த்தேனே" என்றார்.

அவர் சொன்னது அட்டவணையிலேயே இருந்தது. 91 கிலோபாஸ்கலில் நீராவி 97 பாகையில் ஒடுங்கும். 10இல் 46 பாகையில். மானிக்கு அருகிலேயே வெப்பமானி இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாள் நட்டத்தைப் பற்றி யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எரிச்சல் அன்றோடு போயிருக்கும்.

760ம் எல்லா ஊருக்கும் பொதுவில்லை. யாழ்ப்பாணம் கடல்மட்டத்தில் கிடப்பதால் இங்கே அது பொருந்தும். நுவரெலியாவில் வளிமண்டலமே ஏறத்தாழ 610 மில்லிமீற்றர்தான். அங்கே முள் 684ஐத் தொட்டால் பழுது மானியில்.

சமஎந்திரப்பி வினைத்திறன்

இழப்பில்லாவிட்டால் வரும் வேலையை இந்த எண்ணால் டர்பைனில் பெருக்கு, பம்பில் வகு.

பம்பு வேலை

ஒரு கிலோ நீருக்கு 8 கிலோஜூல். விட்டாலும் விடை பெரிதாக அசையாது. மெகாவைக் கிலோவாக்க மறந்து 8 ஜூல் என்று எழுதியதை மட்டும் என்னிடம் கொண்டு வராதீர்கள்.

உலர்வுப் பின்னத்தைப் பாராமல் எழும்புவது

39.4 வந்ததும் கீழே கோடு போட்டுவிடுகிறார்கள். அதே கணக்கில் வெளியேறும் நீராவியின் உலர்வுப் பின்னம் 0.81, நூறில் 19 பங்கு நீர். பொதுவாக 12 பங்குக்கு மேல் விடமாட்டார்கள், துளிகள் கடைசி வரிசைப் பிளேடுகளை அரித்துவிடும். உண்மையான டர்பைனின் இழப்பு நீராவியைக் கொஞ்சம் உலர்த்தும் என்றாலும், மீள்சூடாக்கல், அதாவது பாதி விரிந்த நீராவியைத் திரும்பவும் சூடாக்குவது, எதற்கு என்று கேட்கும் பிள்ளை முதலில் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

குளிர்நாட்டுப் புத்தகத்தின் ஒடுக்கி

ஒடுக்கி அமுக்கத்தைக் குறைத்தால் வினைத்திறன் கூடும் என்பது உண்மை. அதற்காக ஒருவன் போன வாரம் 4 கிலோபாஸ்கல் போட்டுக்கொண்டு வந்தான். அந்த அமுக்கத்தில் நீராவி ஒடுங்குவது 29 பாகையில். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் குளிர்விப்பது கடல்நீர். நம் கடலே 28 பாகையளவில் இருக்கும்போது வெப்பம் எங்கே போகும்? கடல்நீர் ஒடுக்கிக்குள் பத்துப் பாகை சூடேறட்டும், குழாய்ச் சுவருக்கு இன்னும் நாலு பாகை விடு. 42 பாகை, 8 கிலோபாஸ்கல். "கசூரினாக் கடற்கரையில் குளித்தவன்தானே நீ" என்று கேட்டேன்.

மறுநாள் 4ஐ 8 ஆக்கிக்கொண்டு வந்தான். மானி அமுக்கமா, தனி அமுக்கமா என்று எழுதியிருக்கவில்லை.